கண்ணாடியில் ஒரு கடல்

கேள்வி: பள்ளி நூலகச் சன்னலில் மன்னார் வளைகுடா உயிரினங்களை வரைய எந்த முறை ஏற்றது?

பதில்: கண்ணாடியில் வண்ணத்தை நிலைக்கச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. கண்ணாடித்தூளும் உலோக ஆக்சைடும் கலந்த வண்ணத்தைப் பூசிச் சூளையில் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டால், அது கண்ணாடியோடு உருகி ஒட்டிவிடும். ஐரோப்பியத் தேவாலயச் சன்னல் ஓவியங்கள் பல நூற்றாண்டுகள் தாங்கி நிற்பது இதனால்தான்.

மற்றது தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவிய முறை. இதற்குச் சூளை வேண்டாம். கண்ணாடியின் பின்புறம் வரைந்து முன்புறமிருந்து பார்ப்பார்கள். அதனால் வரிசை தலைகீழாகும். தாளில் கடைசியாக வைக்கும் கண்மணிப் புள்ளி இங்கே முதலில் வரும். பிறகு செதில், உடல், எல்லாவற்றுக்கும் பின் கடலின் நீலம். எழுத்துகளை இடவலம் மாற்றி எழுத வேண்டும். முழு அளவுப் படத்தைத் தாளில் வரைந்து கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டால் பிழை குறையும். மாணவர் கைகளாலேயே செய்யக்கூடியது என்பதால் பள்ளிக்கு இதுவே மிகப் பொருத்தம்.

உயிரினங்களை அவற்றின் இருப்பிடத்தோடு காட்டுவது அவசியம். கடற்பசு மேய்வது கடற்புல்லை. அதைப் பவளப்பாறைமேல் மேயவிட்டால் படம் பொய்யாகும். கடல் குதிரை வாலால் புல்லைப் பற்றி நிமிர்ந்து நிற்கும்; வயிற்றுப் பையில் முட்டை சுமப்பது ஆண்தான். பக்கத்துப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டதையும் ஓரத்தில் குறிக்கலாம்.

பிள்ளைகளின் கைக்கெட்டும் சன்னலுக்கு உறுதியூட்டப்பட்ட ‘டஃபன்டு’ கண்ணாடியே பாதுகாப்பு. அதைச் சூளையில் சுட்டால் உறுதி போய்விடும் என்பதாலும் சூளை வேண்டாத தஞ்சாவூர் முறையே ஏற்றது.