மெல்லத் திறக்கிற கத்தி போதும்

கேள்வி: நான் கோட்-டெ-நேஜ்ஜில் இருக்கிறேன். சிறுவர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் வேலை. கோடை வந்தால் வார இறுதியில் மவுண்ட் ரோயல், ஓகா, செப்டம்பரில் அப்பிள் தோட்டம் என்று குடும்பமாக அலைவோம். மாம்பழம் வெட்ட, பொதி பிரிக்க, மகனோடு இருந்து தடி சீவ எனக்கென்று ஒரு மடக்குக் கத்தி வேண்டும். ஊரில் ஐயாவின் மடியில் எப்போதும் ஒன்று இருக்கும். இங்கே கடைக்குப் போனால் கண்ணாடிப் பெட்டி நிறையக் கத்திகள், எல்லாமே நல்லதுபோலத் தெரிகிறது. மச்சான் இணையத்தில் ஒன்றைக் காட்டினார். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கிறது. அது சட்டத்துக்குப் பிழை என்கிறார் கணவர். நான் இடக்கைக்காரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். விலை அதிகம் போகக்கூடாது, பார்க்கவும் வடிவாக இருக்கவேண்டும். என் கைக்கும் மனதுக்கும் பிடித்ததை எதை வைத்துத் தேர்வது?
— வாசகி, மொன்றியல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மச்சான் காட்டிய கத்தியை முதலில் ஒதுக்கிவிடுவோம். கணவர் சொல்வதுதான் சரி. பிடியில் உள்ள பொத்தானையோ வில்லையோ அழுத்தத் தானாகத் திறக்கும் கத்தி, கீழ்நோக்கிப் பிடித்தாலோ வீசினாலோ திறந்துகொள்ளும் கத்தி இரண்டும் கனடாவின் குற்றவியல் சட்டக்கோவையின் 84ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்ட ஆயுதங்கள். அவற்றை வைத்திருப்பதே குற்றம். பழம் வெட்டத்தான் வாங்கினேன் என்று சொல்லித் தப்ப முடியாது. வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் எல்லையிலேயே பறிபோகும். பேனாவைப் போலவும் சீப்பைப் போலவும் செய்து உள்ளே அலகை ஒளித்துவைத்த விளையாட்டுச் சாமான்களுக்கும் இதே கதிதான்.

பொத்தான் இல்லாவிட்டால் பயமில்லை என்றும் நினைக்கவேண்டாம். அலகின் பின்புறத்தில் சின்ன நெம்பு வைத்து, ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு திறக்கும் கத்திகள் இப்போது ஏராளம். அவற்றில் சில, மணிக்கட்டை ஒருமுறை உதறினாலே முழுதாக வெளியே வந்துவிடும். அப்படி வந்தால் அதுவும் அந்தத் தடைக்குள் விழக்கூடும். எல்லை அதிகாரிகள் உதறித்தான் பார்ப்பார்கள். கடையில் நீங்களும் கடைக்காரரிடம் கேட்டு உதறிப் பாருங்கள். அசையாமல் கிடக்கிற கத்தியே உங்களுக்கு ஏற்றது.

குற்றவியல் சட்டக்கோவை சாதாரண மடக்குக் கத்தியின் அலகுக்கு நீள வரம்பு எதுவும் வைக்கவில்லை. அது பார்ப்பது நோக்கத்தை. ஒருவரைக் காயப்படுத்தவோ வெருட்டவோ வைத்திருந்தால் காய்கறிக் கத்தியும் ஆயுதம்தான். தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தியோடு நிற்பதைத் தடுக்கும் துணைவிதிகள் கியூபெக் நகராட்சிகள் பலவற்றில் உண்டு. அப்பிள் தோட்டத்தில் கூடைக்குள் கத்தி இருப்பதற்குக் காரணம் கேட்க ஆளில்லை. அதே கத்தி இரவு பதினொரு மணிக்கு மெற்றோவில் இருந்தால் கேட்பார்கள். “ஒரு பாதுகாப்புக்குத்தான்” என்ற பதில் மட்டும் வாயில் வரவே கூடாது. அந்த ஒரு சொல் பழக்கத்தியை ஆயுதமாக்கிவிடும்.

வேலைக்குப் போகும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பிள்ளைகள் உள்ள இடத்தில் கத்தி பற்றி இந்த நகரம் ஏற்கெனவே நீண்ட வழக்கு நடத்திய நகரம். லசால் பகுதிப் பள்ளியில் ஒரு சீக்கிய மாணவரின் கிர்பான் என்னும் சமயக் குறுவாள் பற்றி 2001இல் கிளம்பிய முல்தானி வழக்கு, 2006 மார்ச்சில் கனடிய உச்ச நீதிமன்றத்தில்தான் முடிந்தது. அது சமய உரிமை என்பதால் அனுமதி கிடைத்தது. அதுவும் உறையிலிட்டு, துணியில் வைத்துத் தைத்து, உடைக்குள்ளே அணியவேண்டும் என்ற நிபந்தனைகளோடு. நமது பழக்கத்திக்கு அப்படி ஓர் உரிமையும் இல்லை, தேவையும் இல்லை.

இனி ரசனைக்கு வருவோம். சட்டம் உங்களிடமிருந்து பறித்தது வேகத்தை மட்டுந்தான். கண்ணாடிப் பெட்டியில் ஆளை மயக்குவதும் அந்த வேகந்தான். பழம் வெட்டுகிறவருக்கு அது எதற்கும் உதவாது. அதை எடுத்துவிட்டால் பார்க்க மூன்று விஷயங்கள் மிஞ்சும்: எப்படித் திறந்து நிற்கிறது, அலகு எவ்வளவு மெல்லியது, பிடி கையில் எப்படி அமர்கிறது.

திறப்பதில் இடக்கைக்காரர் சற்றுக் கவனிக்கவேண்டும். அலகைப் பூட்ட உள்ளே ஒரு தகடு பக்கவாட்டில் வந்து நிற்கும் கத்திகள் பெரும்பாலும் வலக்கைப் பெருவிரலை நினைத்துச் செய்தவை. இடக்கையில் அவற்றை மூடும்போது சுட்டுவிரலால் தகட்டைத் தள்ளவேண்டிவரும், அலகின் வழியில் விரல் நிற்கும். முதுகில் அழுத்தித் திறக்கும் பூட்டு இரு கைக்கும் பொது. பல்வைத்த அலகு வேண்டாம். அந்தப் பற்களைப் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தீட்டுவார்கள், இடக்கையில் வெட்டு கோணிக்கொண்டு போகும். தக்கைத்திருகி வைத்த கத்திக்கும் காசு கொடுக்கவேண்டாம். அதன் சுருள் வலக்கைக்கென்றே முறுக்கியது.

அலகின் நீளத்தைக் கேட்கிற அளவுக்குத் தடிப்பைக் கேட்பவர் குறைவு. வெட்டுகிறபோது கைக்குத் தெரிவது தடிப்புத்தான். மூன்று நான்கு மில்லிமீற்றர் தடித்த, கறுப்புப் பூச்சுப் பூசிய கத்தியால் அப்பிளை வெட்டிப் பாருங்கள். பாதிவரை வெட்டும், பிறகு விறகு பிளப்பதுபோலப் பிளக்கும். இரண்டு மில்லிமீற்றருக்கு உட்பட்ட அலகு கடைசிவரை வழுக்கிக்கொண்டு போகும். மாங்கொட்டையைச் சுற்றிச் சதையை எடுக்கவும் அதுவே வாகு. ஏழு, எட்டுச் சென்றிமீற்றர் நீளம் உங்கள் வேலைக்குத் தாராளம்.

உருக்கில் இரண்டு சாதி. கார்பன் உருக்கு எளிதில் தீட்டுப்படும், கூர் நன்றாக ஏறும். ஆனால் தேசிக்காயும் மாங்காயும் பட்டால் சாம்பல்நீல நிறம் படரும், ஈரம் துடைக்காவிட்டால் கறள் பிடிக்கும். அந்தக் கறையை அழகென்று ரசிப்பவர்கள் உண்டு. உங்களுக்கு அது அழகா அழுக்கா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். புளிப்புப் பழமும், பையில் கிடக்கும் ஈரத் துணியும், பனிக்காலத்தில் வீதி உப்பும் படுகிற குடும்பக் கத்திக்குக் கறள் பிடிக்காத உருக்கையே நான் சொல்வேன்.

பிடிதான் மனதுக்குப் பிடிக்கிற இடம். மரப்பிடி கையில் இதமாக இருக்கும், குளிரிலும் சில்லிடாது. ஆனால் மரம் இந்த ஊர்க் காலநிலையோடு சேர்ந்து அசையும். ஜூலைப் புழுக்கத்தில் ஊதி அலகை இறுக்கும்; ஜனவரியில் வீட்டு வெப்பமூட்டியின் வறட்சியில் சுருங்கி அலகைத் தளர்த்தும். உலோகப்பிடி வருடம் முழுக்க ஒரேமாதிரி இருக்கும், ஆனால் மாம்பழச் சாறு பட்ட விரலில் வழுக்கும். இன்னொன்றையும் யோசியுங்கள். பூங்காவில் நாலு பேர் நடுவில் கத்தியை எடுக்கிறீர்கள். மரப்பிடி வைத்த சிறு கத்தியைக் கண்டால் பக்கத்து மேசைக்காரர் பழம் வருகிறது என்று நினைப்பார். கறுப்பாய், பல்லோடு வந்தால் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். பார்க்கிறவரைத் திடுக்கிட வைக்காமல் இருப்பதும் கத்தியின் வடிவில் சேர்த்திதான்.

இந்தக் கணக்குக்கு ஒத்துவரும் கத்திகளைச் சொல்கிறேன். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890இல் செய்யத் தொடங்கிய ஒபினெல் கத்தி முதலாவது. 1897இல் அதை ஒன்று முதல் பன்னிரண்டு வரை இலக்கமிட்டு அளவு வகுத்தார்கள். 7ஆம் இலக்கத்தின் அலகு 8 செ.மீ., 8ஆம் இலக்கத்தினது 8.5 செ.மீ. பீச் மரப்பிடியும் மெல்லிய அலகுந்தான் அதன் சிறப்பு. 1955இல் சேர்த்த இரும்பு வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். எந்தக் கையாலும் திருகலாம். நகப்பள்ளம் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் அலகின் முதுகு வெளியே தெரிவதால் இரு விரலால் கிள்ளியே திறந்துவிடலாம். புழுக்கத்தில் இறுகிவிட்டால் பிடியின் அடியை மேசையில் தட்டுங்கள், அலகு தலைகாட்டும். சவோய்க்காரர் செய்வதும் அதுதான். கறள் பிடிக்காத வகையையே கேட்டு வாங்குங்கள். கிட்டத்தட்ட முப்பது டொலருக்குள் முடிந்துவிடும்.

இரண்டாவது, சுவிற்சர்லாந்தின் விக்டோரினொக்ஸ். 1884இல் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறை அது. உலகம் அறிந்த சிவப்புக் கத்தி 1897இல் வந்தது. நான் உங்களுக்குச் சொல்வது சிவப்பு அல்ல, அலுமினியப்பிடி வைத்த 84 மி.மீ. கடெற். தக்கைத்திருகி இல்லை, ரின் திறப்பானும் போத்தல் திறப்பானும் உண்டு. அலகுக்குப் பூட்டு இல்லை. முதுகுவில் ஒன்று அழுத்திப் பிடித்திருக்கும். உதறினால் திறக்கவே திறக்காது. விலை ஒபினெலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மரவாசனை வேண்டாம், ஒழுங்கும் சுத்தமும் போதும் என்பவருக்கு இது.

மூன்றாவது ஜப்பானின் மிக்கி நகரத்து ஹிகோனோகாமி. ஒரு மடித்த உலோகத் தகடு, ஓர் அலகு, ஓர் ஆணி; வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் வாலைப் பெருவிரல் அழுத்திப் பிடித்திருப்பதால்தான் திறந்து நிற்கிறது. பெரும்பாலும் கார்பன் உருக்கு. எளிமையில் மனம் போகிறவருக்கு இதைவிட வடிவான கத்தி இல்லை. ஆனால் மகனும் தொடப்போகிற கத்தி என்பதால் உங்களுக்கு இதை இரண்டாவது கத்தியாகத்தான் சொல்வேன். கனடாவில் செய்ததே வேண்டும் என்றால் நோவா ஸ்கோஷியாவின் பிக்டோ ஊரில் உள்ள குரோமான் பட்டறை மடக்குக் கத்தியும் செய்கிறது, விலை கூட. லாகியோல் என்ற பெயரைப் பார்த்து மட்டும் மயங்கவேண்டாம். பிரான்சில் அந்த ஊரிலும் தியேர் நகரிலும் அருமையான கைவேலைக் கத்திகள் வருகின்றன. ஆனால் அதே பெயரைக் குத்தி, தேனீ உருவமும் வைத்து எங்கிருந்தோ வருகிற மலிவுச் சரக்கும் அதே பெட்டிக்குள் கிடக்கும்.

கடையில் செய்யவேண்டியது சொற்பம். கத்தியை இடக்கையில் வாங்கி, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு திறந்து மூடிப் பாருங்கள். விரல் தானாக இடம் கண்டுபிடித்தால் நல்லது, தேடினால் வைத்துவிடுங்கள். திறந்த அலகைப் பக்கவாட்டில் மெதுவாக அசையுங்கள், ஆடக்கூடாது. மூடிய நிலையில் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முனை பிடிக்கு வெளியே துருத்தினால் பையைக் கிழிக்கும், விரலையும் கிழிக்கும்.

வாங்கியபின் கூரை விட்டுவிடாதீர்கள். மழுங்கிய கத்திக்குத்தான் பலம் கொடுப்போம், வழுக்கிக் கையை வெட்டுவதும் அதுதான். கோடையில் சில தெருக்களில் மணியடித்துக்கொண்டு வரும் சாணை வண்டி சமையற் கத்திக்கு நல்லது. இந்தச் சின்ன அலகை நீங்களே தீட்டலாம். ஆயிரம் இலக்கச் சாணைக்கல் ஒன்று போதும். அதுவும் இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையின் அடியில் மினுக்கம் பூசாத வளையம் இருக்கும். ஊரில் அம்மா அதில் கத்தி தீட்டியதைப் பார்த்திருப்பீர்கள். அலகை ஏறக்குறைய இருபது பாகை சரித்து, பக்கத்துக்குப் பத்து இழுவை. தீட்டியபின் கழுவித் துடைத்து ஆணியில் ஒரு துளி சமையல் எண்ணெய்.

மகன் தடி சீவும்போது இருந்த இடத்தில் இருந்து, உடம்பிலிருந்து வெளியே சீவவேண்டும். கை எட்டும் தூரத்தில் வேறு பிள்ளை நிற்கக்கூடாது. ஒபினெலின் வளையத்தைப் பூட்டாமல் அவன் கையில் கொடுக்கவே வேண்டாம்.

விமானப் பயணத்தையும் நினைவில் வையுங்கள். 2017 நவம்பர் 27 முதல் கனடாவின் உள்நாட்டு விமானங்களிலும் பெரும்பாலான வெளிநாட்டு விமானங்களிலும் 6 செ.மீ. வரையான அலகைக் கைப்பையில் கொண்டுபோக அனுமதி உண்டு. அமெரிக்காவுக்குப் போகிற விமானத்தில் இல்லை. உங்கள் கத்தி அந்த அளவைத் தாண்டும். கொழும்புக்கோ சென்னைக்கோ போனால் இடையில் மாறும் நிலையத்தின் விதி வேறாக இருக்கும். ஆகவே எப்போதும் பெட்டிக்குள் போட்டு ஏற்றிவிடுங்கள்.

என் முடிவு இதுதான்: ஒபினெல் 7, கறள் பிடிக்காத வகை. ஒரு கோடை முழுக்க அதை மட்டும் பாவியுங்கள். எரிச்சல் வந்த இடங்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பிடி சிறிது, முனை அளவுக்கு மீறிக் கூர், வளையம் திருக அலுப்பு, மரம் கழுவ முடியவில்லை என்று ஏதாவது வரும். ஒன்றுமே வரவில்லை என்றால் உங்கள் கத்தி கிடைத்துவிட்டது, பணமும் மிச்சம். வந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றில் முக்கால்வாசி உங்களுக்கு உரியதல்ல என்று வாசலிலேயே தெரிந்துவிடும்.