அங்கீகாரமும் அஞ்சல் பெட்டியும்

கேள்வி: ஒருபாலீர்ப்பு மாணவர் அமைப்புகளுக்குக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் இடமுண்டா?

பதில்: வாஷிங்டனில் இயேசு சபையைச் சார்ந்த ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், அந்நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் 1987இல் வழங்கிய தீர்ப்பு, 'அங்கீகாரம்' எனப்படும் கொள்கை ஒப்புதலையும், அஞ்சல் பெட்டி, முகவரிச்சீட்டு அச்சிடும் சேவை, நிதி கோரி விண்ணப்பிக்கும் உரிமை முதலிய வசதிகளையும் வெவ்வேறாகப் பிரித்து, முன்னதை அளிக்குமாறு ஒரு சமய நிறுவனத்தை வற்புறுத்த இயலாது என்றும், பின்னவற்றை மறுப்பது அந்நகரின் மனித உரிமைச் சட்டத்துக்கு மாறானது என்றும் வரையறுத்தது. நுட்பமான தீர்வுதான்; ஆனால் அஞ்சல் பெட்டி கிடைத்த மாணவர் வளாகத்தில் அச்சமின்றி நடமாடுவார் என்பதற்கு அதில் உறுதியில்லை. மாணவர் போராட்டத்துக்குப் பின்னரே, 2008இல், ஒருபாலீர்ப்பு மாணவர்களுக்கான ஆதரவு மையம் அங்கு திறக்கப்பட்டது. நோட்ர டாம் பல்கலைக்கழகமோ, நெடுங்காலம் மறுத்துவந்த மாணவர் அமைப்புக்கு, 2012 டிசம்பரில் வெளியிட்ட மேய்ப்புப்பணித் திட்டத்தின் வழியே, அதாவது திருச்சபையின் ஆன்மிகப் பராமரிப்புக் கடமையையே காரணமாகக் காட்டி, இசைவளித்தது.