இமையைப் புரட்டிப் பார், அப்புறம் மருந்தை எடு

கண்ணு, ஆடு வளர்க்கப் போகிறேன் என்றாய். நல்லது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நம் பக்கத்து ஊர்களெல்லாம் தோலை வைத்துப் பிழைப்பவை. அந்தத் தோலுக்குள் இருக்கும் ஆட்டைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. ஆடு வளர்ப்பில் பாதி வேலை வயிற்றுப்பூச்சியோடு மல்லுக்கு நிற்பது. மருந்தின் பெயரைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன்.

1. முதலில் சும்மா நின்று பார். காலையில் பட்டியைத் திறந்தவுடன் முந்திக்கொண்டு வரும் ஆட்டை எல்லாரும் பார்ப்பார்கள். நீ கடைசியாக வருவதைப் பார். முடி சிலிர்த்திருக்கிறதா, புழுக்கை உருண்டையாக விழுகிறதா, கழிந்து வால் நனைந்திருக்கிறதா? குட்டியின் புழுக்கையில் அரிசி அரிசியாக வெள்ளையாய்த் தெரிந்தால் அது நாடாப்புழு. எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆடுகள் அசைபோடுகிற நேரத்தில் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். எது அசைபோடவில்லை என்று பார்ப்பதுதான் அவருக்கு வேலை.

2. கீழிமையைப் படிக்கக் கற்றுக்கொள். ஒரு கட்டைவிரலால் மேலிமையை லேசாக அழுத்து, இன்னொன்றால் கீழிமையை இழு. வெயிலில் பார், சட்டென்று பார். செக்கச் செவேலென்று இருந்தால் கவலையில்லை. வெளிறிப்போயிருந்தால் உள்ளே எவனோ ரத்தம் குடிக்கிறான். அவன் பெயர் ஹீமாங்கஸ். குடலுக்கும் முன்னால், நான்காம் இரைப்பையில் குடியிருப்பவன். ஆயிரம் புழு சேர்ந்தால் நாளுக்கு 50 மில்லி ரத்தம் போகும். 20 கிலோ ஆட்டுக்கு உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டருக்குள்தான். முற்றிவிட்டால் தாடைக்குக் கீழே சுருக்குப்பை போல நீர் கோத்துத் தொங்கும். இமையின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் தென்னாப்பிரிக்காவில் ஐந்து நிறம் கொண்ட ஓர் அட்டையே செய்திருக்கிறார்கள். அட்டை இல்லாவிட்டாலும் கண் பழகிவிடும். பழகுகிறவரை பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

3. விடிந்ததும் ஓட்டிக்கொண்டு போகாதே. ஒரு பெண் புழு நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டை போடும். முட்டை புழுக்கையோடு விழுந்து, ஈரமும் சூடும் கிடைத்தால் ஒரு வாரத்தில் குஞ்சுப்புழுவாகிப் பனி ஈரத்தில் புல்லில் ஏறி நிற்கும். பெரும்பாலும் தரையை ஒட்டித்தான் இருக்கும், உயரம் ஏறாது. வெயில் ஏறிப் புல் காய்ந்த பிறகு ஓட்டு. ஏரிக்கரைப் பச்சைப்புல்லை விடக் காட்டுச்செடித் தழை மேல். ஆடு இயல்பில் அண்ணாந்து மேய்கிற பிராணி. அதைக் கயிற்றில் கட்டிக் குனிந்து மேய வைத்துவிட்டுப் பூச்சி வந்துவிட்டது என்று அழுகிறோம்.

4. மருந்தில் கஞ்சத்தனம் பண்ணாதே. கண்மதிப்பில் 15 கிலோ என்பாய், தராசில் தொங்கவிட்டால் 22 இருக்கும். குறைந்த அளவு மருந்து பலவீனமான புழுவைக் கொன்று, வலுத்ததை வாழவிடும். செம்மறிக்குச் சொன்ன அல்பெண்டசோல் பூச்சிமருந்தின் அளவு வெள்ளாட்டுக்குப் போதாது, வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். டாக்டரிடம் ‘வெள்ளாடு’ என்று சொல்லி அளவு கேள். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடவே கூடாது, குட்டி ஊனமாகலாம். அதனால் கிடா சேர்ந்த நாளைக் குறித்து வை. புகட்டும்போது தலையை அண்ணாத்திப் பிடிக்காதே, மருந்து நுரையீரலுக்குப் போய்விடும்.

5. எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றிவிட்டுக் கையைக் கழுவாதே. இதை ஏற்க எனக்கே நாளாயிற்று. வெளிறிய ஆட்டுக்குக் கொடு, திடமான ஆட்டை விட்டுவை. அதன் வயிற்றில் மருந்தே பார்க்காத புழு கொஞ்சம் இருக்கட்டும். மருந்துக்குத் தப்பியவையே பெருகாமல் அவை தடுக்கும். மழைக்கு முன்னும் பின்னும் புதுப் புழுக்கையைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போ. வெயிலில் வைத்திருந்து மறுநாள் கொண்டுபோகாதே, முட்டை பொரித்துவிடும். முட்டையை எண்ணிப் பார்த்த பிறகு மருந்தை முடிவு செய்யலாம்.

6. குரோம் உப்பு வருவதற்கு முன்னால் நம் ஊர்த் தொட்டிகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் தோலைப் பதப்படுத்தின. அந்தத் துவர்ப்புக்கு டானின் என்று பெயர். டானின் மிகுந்த தழை தின்ற ஆட்டில் புழு முட்டை குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்துக்குப் பதில் என்று நினைத்துவிடாதே, துணை என்று வைத்துக்கொள்.

7. சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றைக்கே பட்டியில் சேர்க்காதே. மூன்று வாரம் தனியாகக் கட்டு. மலிவாகக் கிடைத்ததென்று மார்தட்டுகிறவனின் பட்டியில்தான் அடுத்த மழைக்கு அழுகை கேட்கும்.

8. ஜவ்வாது மலையடிவாரப் புதர்க்காட்டில் மேய்க்கும்போது நட்சத்திர ஆமை கண்ணில் படலாம். அழகாக இருக்கிறதென்று வீட்டுக்குத் தூக்கிவராதே. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இன்றைக்கு ஆமை புகுந்தால் பின்னாலேயே வனத்துறையும் புகும். யார் வீட்டிலாவது அது சோர்ந்து கிடந்து, “ஆட்டுக்கு வைத்திருக்கிற ஐவர்மெக்டின் கொஞ்சம் கொடு” என்று கேட்டால் கொடுக்காதே. ஆட்டைக் காக்கும் அந்த மருந்து ஆமையை முடக்கிக் கொன்றுவிடும். தழை தின்னும் ஆமையின் குடலில் கொஞ்சம் ஊசிப்புழு இருப்பது சகஜம், பெரும்பாலும் கெடுதல் செய்யாது. வனத்துறைக்குச் சொல்லச் சொல், அது போதும்.

9. பக்ரீத் நெருங்கினால் ஆடு நல்ல விலைக்குப் போகும். அப்போதுதான் உன் குணம் தெரியும். மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று பாட்டில் சீட்டில் போட்டிருக்கும், டாக்டரையும் கேட்டுக்கொள். அந்த நாள் கழியாமல் விற்காதே. கறி யாரோ ஒரு குழந்தையின் தட்டுக்குப் போகிறது. தோல் மண்டியில் ஒருவர் விரலால் தடவிப் பார்த்தே, இது நோஞ்சான் ஆட்டுத் தோல், சன்னமாக இருக்கிறது என்று ஒதுக்கிவிடுவார். கறியில் தங்கிய மருந்தை அப்படித் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. வாங்குகிறவர் கேட்காவிட்டாலும் மருந்து கொடுத்த தேதியை நீயே சொல். தேதியைத் தினசரி காலண்டரில் எழுதாதே, மறுநாள் யாராவது கிழித்துப் போட்டுவிடுவார்கள். மாதக் காலண்டரில் எழுது.