இரண்டு தேர்தலுக்கு நடுவே முப்பது வருடம்



போன மாதம் எங்கள் நலன்புரி அலுவலகத்துக்கு ஒரு மாணவன் வந்தான். பதினோராம் தரம் படிக்கிற பிள்ளை. வரலாற்றுப் பாட ஒப்படைக்காக, மலையகத் தலைவர் ஒருவர் எந்தெந்தத் தேர்தலில் நின்றார், என்ன முடிவு என்று அட்டவணை போட வேண்டுமாம். அமரர் சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களை எடுத்திருந்தான். 1947க்கு நேரே "நுவரெலியா, வெற்றி" என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே 1952, 1956, 1960 மார்ச், 1960 ஜூலை, 1965, 1970 என்று ஆறு தேர்தல்கள். ஆறுக்கும் நேரே வெறும் கோடு. பிறகு 1977, மறுபடியும் வெற்றி. "சேர், நடுவுல உள்ள பக்கம் புத்தகத்துல கிழிஞ்சு போச்சா? இல்லாட்டி அவரு தோத்துட்டாரா?" என்று கேட்டான்.

பக்கம் ஒன்றும் கிழியவில்லை. அந்த ஆறு கோட்டுக்குள்ளே தான் நம்ம தாத்தா பாட்டிமாரின் கதை கிடக்கிறது. இந்த மாதப் பாடத்தை அந்தப் பிள்ளைக்குச் சொன்ன மாதிரியே இங்கே எழுதுகிறோம். கட்சி பேச நாங்கள் வரவில்லை. இந்தப் பத்திரிகையை எல்லாச் சங்கத்து ஆட்களும் வாசிக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

தொண்டமான் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30இல் தமிழ்நாட்டில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து முனைப்புதூரில் பிறந்தார். அவருடைய அப்பா கருப்பையா, இந்த நாட்டுக்குத் தொழிலாளியாக வந்து, பிறகு இறம்பொடை வெவண்டன் தோட்டத்துக்கே சொந்தக்காரர் ஆனவர். மகன் 1924இல் இங்கே வந்து கம்பளையில் படித்தார். தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளை தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராவதா என்று அந்தக் காலத்திலேயே கேட்டவர்கள் உண்டு. இன்றைக்கும் கேட்கிறார்கள். கேள்வியில் பிழை இல்லை. ஆனால் 1939இல் இலங்கை இந்திய காங்கிரஸ் தொடங்கியபோது கம்பளைப் பக்கத்தில் அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் அவரும் ஒருவர், 1945இல் அதற்குத் தலைவரும் ஆனார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்போது 1947க்கு வருவோம். சுதந்திரத்துக்கு முந்திய பாராளுமன்றத் தேர்தல் அது. தொண்டமான் நுவரெலியாவில் வென்றார். வட்டகொடைக்குப் பக்கத்திலே, தலவாக்கலைத் தொகுதியில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை வென்றார். கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் என்று தோட்டப் பகுதிகளில் இலங்கை இந்திய காங்கிரஸ்காரர்கள் வரிசையாக வந்தார்கள். அது மட்டும் இல்லை. காங்கிரஸ் ஆள் நிற்காத பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. கொழும்பில் ஆட்சி அமைத்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. லயத்துச் சனம் இப்படியே வாக்குப் போட்டால் நாளைக்கு என்ன ஆகும் என்ற பயம் வந்துவிட்டது.

பயத்துக்கு மருந்து மூன்று சட்டங்களாக வந்தது. டி. எஸ். சேனாநாயக்க பிரதமராக இருந்த காலம். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் முதலாவது. இந்த நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது, அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாட்டன் பிறந்த கடதாசியை எந்த லயத்துப் பெட்டிக்குள்ளே தேடுவது? இரண்டாவது, 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். இத்தனை வருடம் தொடர்ந்து இங்கே இருந்தேன் என்று காட்டி விண்ணப்பிக்கலாம் என்றது. மூன்றாவது, 1949ஆம் ஆண்டு 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரசை இல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றது. ஆளை நாட்டை விட்டு அனுப்பவில்லை. கொழுந்து பறிக்கலாம், கவ்வாத்து வெட்டலாம், பிரட்டுக்குப் போகலாம். வாக்காளர் இடாப்பில் மட்டும் பெயர் இருக்காது.

1952 தேர்தலில் நம்ம பக்கத்திலிருந்து ஒருவர் கூடப் பாராளுமன்றம் போகவில்லை. போட்டியிட்டுத் தோற்கவில்லை, வாக்குப் போட ஆளே இல்லாமல் போனது. அந்த வருடம் காங்கிரஸ்காரர்கள் கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்கு முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1949 சட்டப்படி விண்ணப்பிக்க இரண்டு வருடம் தான் தவணை. அநியாயச் சட்டத்துக்குப் பணிவதா என்று காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்காதீர்கள் என்றது. பிறகு தவணை முடியப் போகிற நேரத்தில் மனம் மாறி விண்ணப்பிக்கச் சொன்னது. அப்போது தான் சனம் அடித்துப் பிடித்துக்கொண்டு மனுப் போட்டது. மொத்தமாகச் சுமார் 8 இலட்சத்து 24 ஆயிரம் பேருக்கு விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத் தான். அவசரத்தில் எழுதிய படிவங்களில் பெயர் ஒரு மாதிரி, தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இன்னொரு மாதிரி. ஊருக்குப் போய் வந்த மாதங்களைக் காட்டி, தொடர்ந்து இருக்கவில்லை என்று தள்ளினார்கள். சட்டம் போட்டவர்கள் மேலே தான் பெரிய குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தத் தாமதத்துக்கு நம்ம தலைவர்களும் ஒரு பங்கு பொறுப்பு என்பதே எங்கள் அபிப்பிராயம். கொள்கை பேசிய நேரத்திலும் தவணைத் திகதி ஓடிக்கொண்டே தான் இருந்தது.

"அப்ப 1960ல பாராளுமன்றத்துல இருந்தாருன்னு போட்டிருக்கே சேர்?" என்றான் பையன். நல்ல கேள்வி. அது வாக்கு வாங்கிப் போன இடம் இல்லை. சோல்பரி அரசியலமைப்பின்படி ஆறு பேர் வரையில் தேசாதிபதி நியமிக்கலாம். அந்த நியமன அங்கத்தவராக 1960இல், சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்க காலத்தில் போனார். 1965இல் டட்லி சேனாநாயக்க காலத்தில் மறுபடியும் நியமனம். 1970இல் அதுவும் இல்லை. நியமனம் என்பது அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்காருகிற மாதிரி. எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டும். பையனின் அட்டவணையில் 1960க்கும் 1965க்கும் நேரே "நியமனம்" என்று எழுதச் சொன்னோம்.

அவர் நியமன அங்கத்தவராக உட்கார்ந்திருந்த காலத்திலே தான் 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நாடற்றவர் என்று கணக்கெடுத்த 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பிறகு பார்க்கலாம். அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பிரித்தார்கள். தொண்டமான் இதை எதிர்த்தார். எந்த நாடு வேண்டும் என்று சனத்திடம் கேட்காமல் ஆளை எண்ணிப் பிரிப்பதா என்பது அவர் வாதம். வாக்கு இல்லாத சனத்தின் நியமன அங்கத்தவர் சொன்னதைக் கேட்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. கோச்சியில் ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறிய குடும்பங்களின் கதையை இந்தப் பகுதியில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்லுவார்கள். அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே என்று இன்றைக்கும் கடிதத்திலும் போனிலும் வாழுகிற உறவுகள் அவை.

இனி 1977. பாடத்தில் இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். 1972 அரசியலமைப்பு நியமன அங்கத்தவர் முறையை எடுத்துவிட்டது. ஆகவே வாக்கு வாங்கியே போக வேண்டும். இதற்கிடையில் பிரசாவுரிமை கிடைத்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இடாப்பில் ஏறியிருந்தார்கள். நுவரெலியா – மஸ்கெலியா என்று மூன்று அங்கத்தவர் தொகுதி ஒன்றும் அமைத்திருந்தார்கள். அங்கே ஒரு வாக்காளருக்கு மூன்று வாக்கு. மூன்றையும் மூன்று பேருக்குப் பிரித்துப் போடலாம். விரும்பினால் மூன்றையும் ஒரே ஆளுக்கே போடலாம். எண்ணிக்கையில் குறைந்த சனமும் வாக்கைச் சிதறவிடாமல் போட்டால் தங்கள் ஆள் ஒருவரை அனுப்பலாம் என்பது தான் இந்த முறையின் பயன்.

1977 ஜூலை 21 தேர்தலில் அங்கே முதலாவதாக வந்தவர் ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க, 65,903 வாக்குகள். இரண்டாவது சிறீலங்கா சுதந்திரக் கட்சியின் அநுர பண்டாரநாயக்க, 48,776 வாக்குகள். மூன்றாவதாக வந்தவர் தொண்டமான், 35,743 வாக்குகள். மூன்று பேருமே அங்கத்தவர்கள். "மூணாவது தானே சேர்" என்று பையன் கொஞ்சம் சலிப்போடு சொன்னான். தம்பி, ஒரு காலத்தில் முழுத் தொகுதியையே வென்றவர், முப்பது வருடம் கழித்து மூன்றாவதாக வந்ததற்கு நம்ம சனம் ஏன் அப்படிக் கொண்டாடியது என்று யோசித்துப் பார் என்றோம். இன்னொன்று, 35,743 என்பது தலைகளின் எண்ணிக்கை இல்லை, வாக்குகளின் எண்ணிக்கை. ஒருவரே மூன்று போட்டிருக்கலாம் அல்லவா? இந்தக் கணக்கைச் சரியாக எழுதினால் ஆசிரியர் கூடுதல் புள்ளி போடுவார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1978இல் ஜே. ஆர். ஜயவர்தனா அமைச்சரவையில் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சரானார். வடக்குத் தலைவர்களோடு ஒரே கூட்டணியில் இருந்தவர் இப்படிப் போனாரே என்று அன்றைக்கு ஏச்சும் வாங்கினார். 1977, 1981, 1983 வன்செயல்களில் தோட்டத்துச் சனம் அடிபட்டபோது அமைச்சர் பதவி என்ன செய்தது என்று கேட்ட பெரியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இலேசான பதில் கிடையாது. ஆனால் 1984 ஏப்ரல் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பெண்களுக்கும் ஆண்களுக்கும் சமசம்பளம் வந்தது. 1986 தைப்பொங்கலோடு தொடங்கிய பிரார்த்தனை இயக்கத்தின் பின் அதே வருடம் நாடற்றவருக்கான 5ஆம் இலக்கச் சட்டமும், 1988இல் 39ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. இந்தியாவுக்கு விண்ணப்பிக்காமல் இருந்தவர்களை இலங்கைப் பிரசைகளாக ஏற்றுக்கொண்டது இந்த 1988 சட்டம் தான். அமைச்சரவைக்குள்ளே ஒரு கையும் மலைமேல் நிறுத்திய வேலை ஒரு கையுமாக வாங்கியது இது.

வாக்குத் திரும்பி வந்ததும் நம்ம சனம் ஒரே ஆளுக்கே போட்டுக்கொண்டு இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 1994இல் தலவாக்கலைக்காரரான பெ. சந்திரசேகரன் நுவரெலியா மாவட்டத்தில் சுயேச்சைக் குழுவில் நின்று ஓர் ஆசனம் வென்றார். பொதுசன முன்னணிக்கு அப்போது 105 ஆசனம், முஸ்லிம் காங்கிரஸ் 7, இவருடைய ஒன்றையும் சேர்த்துத் தான் 113 ஆகி ஆட்சி அமைந்தது. 1952இல் ஒருவரையும் அனுப்ப முடியாத சனத்தின் ஓர் ஆசனம், 1994இல் அரசாங்கத்தையே நிறுத்தியது.

தொண்டமான் 1999 ஒக்டோபர் 30இல், அமைச்சராக இருக்கும்போதே காலமானார். அதோடும் கடதாசிக் கதை முடியவில்லை. இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தும் 1980களில் கப்பல் நின்றுபோனதால் இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் தான் வழி திறந்தது.

பையனுக்கு அட்டவணையை நிரப்பிக் கொடுத்தோம். போகும்போது, "எங்க அப்பாயி பேரு இடாப்புல இருக்கா சேர்?" என்று கேட்டான். பார்த்தோம். இருந்தது, ஆனால் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதம், இடாப்பில் வேறொரு விதம். இதனால் தான் இந்தப் பாடத்தை இந்த மாதம் போட்டோம். நாங்கள் பார்த்த அளவில் வழக்கமாக வருகிற குறைகள் இவை தான். கலியாணம் முடித்து வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த தோட்டத்திலேயே கிடக்கிறது. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளையின் பெயர் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. 18 வயது நிறைந்த பிள்ளைக்கு அடையாள அட்டையே எடுக்கவில்லை. சில பெரியவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது.

வருடா வருடம் இடாப்புத் திருத்தத்துக்காகக் கிராம உத்தியோகத்தர் விபரம் எடுக்கும்போது, வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் அடையாள அட்டையில் உள்ளபடியே சொல்லுங்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லாதீர்கள். திருத்த வேண்டியது இருந்தால் கிராம உத்தியோகத்தரிடமோ நுவரெலியா மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலோ கேட்கலாம். பிறப்புப் பதிவு இல்லாதவர்கள் பிந்திய பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தோட்டத்துப் பழைய பெயர்ப்பதிவு, பாடசாலைச் சேர்வு இடாப்பு, ஞானஸ்நானப் பத்திரம், தாய் தகப்பனின் பிரசாவுரிமைச் சான்றிதழ் என்று கையில் உள்ள எதுவானாலும் உதவும். பெட்டிக்குள்ளே மடித்து வைத்த பழைய கடதாசி எதையும் பழசு என்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள். நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து வாசித்துப் பார்ப்போம். வேலை முடிந்து கொழுந்து நிறுத்த பிறகு வந்தாலும் பரவாயில்லை.