மொய் நோட்டில் பேர் ஏறும்வரை

மலேசியாவில் பிறந்து வளர்ந்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தாத்தா ஊர்ப் பக்கம் போய் இருந்துவிடலாம் என்று திண்டுக்கல்லுக்கு வருகிறவர்கள் உண்டு. நானும் அப்படி ஈப்போவிலிருந்து வந்தவள்தான். இங்கே குடியிருக்க இரண்டு அனுமதி வேண்டும். ஒன்றை இந்திய அரசு தரும். அதற்குப் படிவம் இருக்கிறது, கட்டணம் இருக்கிறது, வரிசை எண் இருக்கிறது. இன்னொன்றைத் தெருக்காரர்கள் தருவார்கள். அதற்கு இவை எதுவும் கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. காகித வேலை

இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் விசா வேண்டாம், எத்தனை காலமும் தங்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க முடியாது. இந்தக் கடைசி விதியை எந்தத் தரகரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. நீங்கள் வெளிநாடு என்று டீக்கடையில் தெரிந்த அன்றைக்கே ஒட்டன்சத்திரம் ரோட்டில் இரண்டு ஏக்கர், கிணறு, பம்புசெட்டோடு உங்களைத் தேடி வரும். “விதியெல்லாம் கெடக்கட்டும்க்கா, உங்க பங்காளி பேர்ல முடிச்சிருவோம்” என்பார்கள். பங்காளி பேரில் முடித்தால் அது பங்காளி நிலம். கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருந்தால் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். தள்ளிப்போடாதீர்கள். பாஸ்போர்ட்டை நீட்டினால் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆதார் இல்லையா?” என்றுதான் கேட்பார்கள்.

2. சொந்த ஊரைத் தயார் செய்தல்

“எந்த ஊரு?” என்பது இங்கே முதல் கேள்வி. மலேசியா என்று சொன்னால் பதில் ஆகாது. “அது சரி, சொந்த ஊரு?” என்று அடுத்தது வரும். ஊரைச் சொன்னால் எந்தத் தெரு, யார் வகையறா என்று இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். சாதி என்ற சொல் மட்டும் யார் வாயிலிருந்தும் வராது. எனக்கு அதைச் சொல்ல இஷ்டமில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. அதனால் ஒரு வழி வைத்திருக்கிறேன். “வேடசந்தூர்ப் பக்கம்” என்று தொடங்கி, தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறியது, பினாங்கில் இறங்கியது, ரப்பர் தோட்டத்தில் இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போனது என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவேன். கப்பல் கடல் தாண்டுவதற்குள் கேட்டவருக்குக் கேள்வி மறந்துவிடும்.

3. வீடும் தண்ணீரும்

வாடகைக்குப் போகலாம், ஒத்திக்கும் போகலாம். ஒத்தி என்றால் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகையே இல்லாமல் இருப்பது. காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்பி வரவேண்டும். ‘வரவேண்டும்’ என்ற இடத்தில்தான் சிக்கல். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் வேறு வீடு பாருங்கள்.

சில வீட்டுக்காரர்கள் “கறி சாப்பிடுவீங்களா?” என்று கேட்பார்கள். 1957 முதல் தலப்பாக்கட்டி பிரியாணி விற்கிற ஊரில், சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் வேகும் வாசனை தெருவுக்குத் தெரு வீசும்போது இந்தக் கேள்வி. அதுவும் இரண்டாவது படியில் சொன்ன கேள்விதான், வேறு வேட்டி கட்டிக்கொண்டு வருகிறது.

நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. “தண்ணி வருமா?” என்று கேட்காதீர்கள். வரும் என்றுதான் சொல்வார்கள். “நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும், எத்தனை மணிக்கு?” என்று கேளுங்கள். நல்ல தண்ணி என்பது மாநகராட்சிக் குழாயில் வருவது. ஆத்தூர் காமராசர் அணைத் தண்ணீரும் அதில் உண்டு. போர்த் தண்ணி பல தெருக்களில் உப்பு. துவைக்க, கழுவ மட்டும் ஆகும். எதிர்வீட்டுக்காரரிடமும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். அவருக்கு வீட்டை விற்கவோ விடவோ வேண்டியதில்லை, உண்மையைச் சொல்வார்.

4. பூட்டு

திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டு அலிகார் பூட்டு வாங்குவது பாவம். ஆனால் கேட்காவிட்டால் அதுவும் கைக்கு வரும். “கையால செஞ்ச நம்மூர்ப் பூட்டு” என்று கேளுங்கள். சுற்றுக் கிராமங்களில் வீட்டுத் திண்ணையிலேயே சாவியின் பல்லை அரத்தால் ராவி, பூட்டில் போட்டுப் பார்த்து, மறுபடி ராவுகிற வேலை அது. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; விலை கொஞ்சம் கூட. மாற்றுச் சாவி போட்டால் மணி அடிக்கிற பூட்டும் உண்டு. அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மணி அடித்தால் திருடனுக்கு முன்னால் தெருவே வந்துவிடும். சாவியை மாற்றிப் போட்டது நீங்களாக இருந்தாலும்.

5. பஸ்

சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டோ பையோ போட வேண்டும். போட்டுவிட்டால் அந்தச் சீட்டில் யாரும் உட்காரமாட்டார்கள். கோலாலம்பூரில் முன்பதிவுச் சீட்டுக்குக்கூட இவ்வளவு மரியாதை நான் பார்த்ததில்லை.

6. மொய்

இதுதான் கடைசிப் படி, கடினமான படியும். தெருவில் ஒரு காதுகுத்துப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வந்தால் அவசியம் போங்கள். மண்டப வாசலில் மேசை போட்டு இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணம் வாங்கி எண்ணுவார், ஒருவர் எழுதுவார். சில இடங்களில் இப்போது கம்ப்யூட்டர் வந்து ரசீதும் தருகிறார்கள். முதலில் ஊர், பிறகு பெயர், பிறகு தொகை. 501, 1001 என்று ஒன்றில் முடியட்டும். மலேசியா என்று எழுதச் சொல்லாதீர்கள். வெள்ளிக் (ரிங்கிட்) கணக்கில் எதிர்பார்ப்பு கிளம்பிவிடும். அடுத்த விசேஷத்தில் குறைக்கவும் முடியாது.

அந்த மொய் நோட்டு பீரோவுக்குள் போகும். நீங்கள் ஒரு விசேஷம் வைக்கும்போது வெளியே வரும். நீங்கள் எழுதியதைப் பார்த்து, அதற்குமேல் கொஞ்சம் சேர்த்துத் திருப்பி எழுதுவார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, விசேஷமே வைக்காமல் எழுதிக்கொண்டே இருப்பவரைப் பார்த்தால் ஊருக்குப் பாவமாக இருக்கும். “ஒரு அறுபதாங்கல்யாணமாவது வையுங்க மதினி” என்று எதிர்வீட்டம்மா சொல்வார். வையுங்கள். ஆனால் மலேசியப் பழக்கத்தில் ‘அன்பளிப்பு வேண்டாம்’ என்று பத்திரிகையில் அச்சடித்துவிடாதீர்கள். பெருந்தன்மை என்று யாரும் நினைக்கமாட்டார்கள். உங்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியவர்களின் கடனை அவர்கள் தலையிலேயே விட்டுவிடுகிறீர்கள், இனி நமக்குள் ஒன்றுமில்லை என்று சொல்லாமல் சொல்கிறீர்கள்.

உங்கள் விசேஷத்துக்குப் பேரேடு அளவில் தடித்த நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு மஞ்சள் தடவி வையுங்கள். எழுதுவதற்குக் கையெழுத்து நன்றாக இருக்கிற, ஊரில் எல்லாரையும் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். அன்று இரவே உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள், பக்கங்களைப் போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஊர்வாரியாகப் பிரித்து எழுதுங்கள். அகர வரிசை இங்கே உதவாது. ஒரே தெருவில் ஆறு முருகேசன் இருப்பார்கள்.