பொங்கல் வாழ்த்தை இந்த வருஷம் கையால செஞ்சு அனுப்பு

தங்கச்சி, ஆபீஸ்ல நாள் முழுக்க கம்ப்யூட்டர், வீட்டுக்கு வந்தா போன். கண்ணு எரியுது, தலை கனக்குது, படுத்தா தூக்கம் வரலைன்னு சொல்லிட்டே இருக்க. ‘போனைக் கீழ வை’ன்னு வெறுமனே சொன்னா நடக்காதுன்னு எனக்குத் தெரியும். கை சும்மா இருந்தா மறுபடியும் அதைத்தான் தேடும். கைக்கு ஒரு வேலை வேணும். மார்கழி பிறந்தாச்சு. உனக்குப் பிடிச்ச ஒருத்தருக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை செய்யேன். பத்துப் பேருக்கு இல்ல, ஒருத்தருக்கு.

வீடியோ பார்த்துச் செய்யாத. ஒரு வீடியோ முடிஞ்சதும் அடுத்தது ஓட ஆரம்பிச்சிடும், அட்டை அப்படியே கிடக்கும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடணும்கிற நினைப்பும் வேணாம். அந்த நினைப்பு வந்தாலே கை அவசரப்படும். போனைப் பக்கத்து ரூம்ல சார்ஜ் போட்டுட்டு வந்து உக்காரு. மணி பார்க்கச் சுவர்க்கடிகாரம் போதும்.

கிராஃப்ட் கிட் எதுவும் வாங்கவேணாம். பரண்லயும் பீரோ மேலயும் அடுக்கி வெச்சிருக்கிற கல்யாணப் பத்திரிகைகளை எடு. கனமான அட்டை, தங்க நிற பார்டர், குங்கும நிறக் கவர் எல்லாம் அதுலயே இருக்கு. சாமி படம் இருக்கிற பக்கத்தை வெட்டுறதுக்கு முன்னாடி மட்டும் அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ. அடி அட்டைக்கு மட்டும் ஸ்டேஷனரி கடையில 250 ஜிஎஸ்எம் ஏ4 அட்டை கேட்டு வாங்கு. அதைப் பாதியா வெட்டி மடிச்சா 10.5 செ.மீ. அகலம், 14.8 செ.மீ. உயரத்துல கைக்கு அடக்கமான வாழ்த்து வந்துடும்.

அட்டை நல்லா வர்றதும் வராததும் மடிப்புலதான் இருக்கு. கையில எடுத்த உடனே மடிக்காத. பேப்பருக்கு ஒரு வாட்டம் உண்டு. நீளவாக்குல ஒரு தரம், அகலவாக்குல ஒரு தரம் லேசா வளைச்சுப் பாரு. ஒரு பக்கம் இளகிக் கொடுக்கும், இன்னொரு பக்கம் விறைச்சுக்கும். இளகுற வாட்டத்துல மடிச்சா மடிப்பு நேரா விழும். எதிர்வாட்டத்துல மடிச்சா நார் உடைஞ்சு, மடிப்பு நெடுக வெள்ளையாப் பிசிறு தெரியும். வாட்டம் பார்த்ததும், மை தீர்ந்த ரீஃபிலை எடுத்து, ஸ்கேல் வெச்சு ஒரே அழுத்தமா ஒரு கோடு இழு. கோடு விழுந்த பள்ளம் வெளிப்பக்கமும், பின்னாடி புடைச்ச மேடு உள்பக்கமும் வர்ற மாதிரி மடிச்சு, ஸ்பூன் முதுகால ஒரு தேய் தேய். அச்சகத்துல செஞ்ச மாதிரி இருக்கும்.

முன்பக்கத்துக்கு என்னோட சாய்ஸ் எப்பவும் கோலம்தான். செங்காவி நிறத்துல சார்ட் பேப்பர் கிடைக்கும். 8 செ.மீ. சதுரமா ஒரு துண்டு வெட்டிக்கோ. பென்சிலால ஒண்ணரை செ.மீ. இடைவெளி விட்டு 1, 3, 5, 3, 1-ன்னு புள்ளி வை. வெள்ளை ஜெல் பேனாவால சிக்குக் கோலம் போடு. புள்ளியைச் சுத்தி வளைச்சு, அடுத்த வளைவு எங்க போகணும்னு கண்ணு முன்னாடியே ஓடணும், கை பின்னாலேயே போகணும். அந்த நேரத்துல வேற எதையும் நினைக்கவே முடியாது. நாள் முழுக்க நூறு பக்கம் இழுபட்ட மனசுக்கு அதுதான் மருந்து. கோடு கொஞ்சம் நெளிஞ்சா விடு, வாசல் கோலத்தை யாராவது ஸ்கேல் வெச்சு அளக்குறாங்களா? மை நல்லாக் காயுற வரைக்கும் மட்டும் கை படாமப் பார்த்துக்கோ.

கோலம் வராதுன்னா வெண்டைக்காயைக் குறுக்க வெட்டி, வழவழப்பைத் துணியால ஒத்தி எடுத்துட்டு, கெட்டியாக் கரைச்ச வாட்டர் கலர்ல தொட்டு அச்சுக் குத்து. பூப்பூவா விழும். குழந்தைங்களையும் சேர்த்துக்கலாம்.

கோலத் துண்டை அட்டையில ஒட்டுறப்போ ஃபெவிகாலை அப்பாத. அதுல இருக்கிற தண்ணியைப் பேப்பர் குடிச்சு ஊதிடும், காஞ்சதும் சுருக்கம் சுருக்கமா நிக்கும். க்ளூ ஸ்டிக் நல்லது. ஒட்டிட்டு, மேல ஒரு வெள்ளைப் பேப்பர் போட்டு, கனமான புஸ்தகத்துக்கு அடியில ராத்திரி முழுக்க வெச்சிடு.

இன்னொண்ணும் சொல்லணும். இதுவும் கண்ணுக்குக் கிட்ட வெச்சுச் செய்யுற வேலைதான். ஸ்கிரீன் இல்லைங்கறதுக்காகக் கண்ணுக்கு முழு ஓய்வு கிடைச்சிடாது. கண் டாக்டருங்க சொல்ற 20-20-20 கணக்கை இங்கயும் வெச்சுக்கோ: 20 நிமிஷத்துக்கு ஒரு தரம், 20 அடிக்கு அப்பால இருக்கிறதை 20 விநாடி பாரு. ஜன்னல் ஓரமா உக்காந்தா எதிர்வீட்டு மாடியோ தென்னையோ தெரியும், வெளிச்சமும் கிடைக்கும்.

உள்ள ‘இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்’னு மட்டும் எழுதி முடிக்காத. அதோட, உனக்கும் அவங்களுக்கும் மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயத்தை எழுது. ‘அத்தை, நீங்க கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயை இன்னும் பொத்திப் பொத்திச் சாப்பிடுறேன்’ – இந்த மாதிரி ஒரு வரி இருந்தா அந்த அட்டையைத் தூக்கிப் போட மனசு வராது.

முத்து, கல்லெல்லாம் ஒட்டாத. கவர் புடைக்கும், வழியில உதிரும். சாதாரணத் தபாலுக்கு முதல் எடை வரம்பு 20 கிராம் வரைக்கும். உன் அட்டை ஏறக்குறைய 8 கிராம்தான் வரும், கவரோட சேர்த்தாலும் தாங்கும். சந்தேகமா இருந்தா போஸ்ட் ஆபீஸ் கவுண்டர்லயே எடை போட்டு ஸ்டாம்ப் வாங்கு. கவருக்கும் காசு வேணாம். பத்திரிகைக் கவரை ஒட்டின இடத்துல பதமாப் பிரிச்சு, உள்பக்கத்தை வெளிய திருப்பி மறுபடி ஒட்டிடு. பொங்கலுக்குப் பத்து நாள் முன்னாடியே போட்டுடணும்.

அத்தைக்கு அனுப்புறதா இருந்தா, அவங்க அட்ரஸ் உன் போன்ல இருக்காது. அம்மாவோட பழைய டைரியில பாரு. வீடு மாறியிருந்தா, அவங்க பக்கத்துல யாருக்காவது போன் பண்ணிக் கேட்டுக்கோ. ஆறு இலக்கப் பின்கோடு மட்டும் விட்டுடாத.