நடவா, விதைப்பா? எது கட்டுப்படியாகும்?

மே மாதம் பிறந்துவிட்டால் டெல்டாவில் எல்லோர் கண்ணும் மேட்டூர் மேல்தான். 120 அடியில் இன்றைக்கு எத்தனை அடி இருக்கிறது, ஜூன் 12 திறப்பார்களா மாட்டார்களா என்பதுதான் டீக்கடைப் பேச்சு. அணை திறப்பது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது வேறொரு முடிவு. நெல்லை வயலில் எப்படி ஏற்றப் போகிறோம்? ஆள் விட்டு நடுவதா, இயந்திரத்தை இறக்குவதா, ஒற்றை நாற்று வைப்பதா, நாற்றங்காலே விடாமல் விதைத்துவிடுவதா? எத்தனை கிலோ விதை வாங்குவது என்பதே இதைப் பொறுத்ததுதான். அதனால் விதைக் கடைக்குப் போகும் முன்பே இதை முடிவு செய்தாக வேண்டும்.

ஆள் நடவைத் தவிர மற்ற எல்லா முறைக்கும் துண்டறிக்கையில் ஒரே வாசகம்தான் முதலில் நிற்கும்: தண்ணீர் மிச்சமாகும். பொய் இல்லை. ஆனால் மிச்சமான தண்ணீர் யாருக்குப் போகிறது என்று எந்தத் துண்டறிக்கையும் சொல்வதில்லை. வாய்க்கால் பாசனத்தில் எத்தனை அங்குலம் பாய்ச்சினீர்கள் என்று அளந்து காசு வாங்குபவர் யாரும் இல்லை. மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போகும், கடைமடைக்காரருக்கு நல்லது, உங்கள் பைக்கு ஒன்றும் வராது. போர் வைத்திருப்பவருக்கு மின்சாரம் இலவசம். நிலத்தடி நீரை வரைமுறைப்படுத்த 2003-ல் ஒரு சட்டம் போட்டார்கள், நடைமுறைக்கே வராமல் 2013-ல் அதைத் திரும்பப் பெற்றும் விட்டார்கள். ஆக, தண்ணீரைச் சேமித்தால் பரிசும் இல்லை, வீணடித்தால் தண்டமும் இல்லை. டீசல் எஞ்சின் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் தண்ணீர் என்பது ரூபாய்க் கணக்கு.

அதனால் தண்ணீர்க் கணக்கைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பேன். கூலி, விதை, களை, அறுவடை நாள் என்ற நான்கையும் பாருங்கள். இந்த நான்கில்தான் உங்கள் காசு போகிறது. இவற்றோடு ஐந்தாவதாக, யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று உண்டு: நாற்றின் வயது.

நாற்று காத்திருக்குமா?

2023-ல் ஜூன் 12 அன்றே மேட்டூர் திறந்தது. நம்பி நட்டார்கள். பிறகு கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய தண்ணீர் வரவில்லை, கடைமடையில் குறுவை கருகியது, அக்டோபரில் அணையை மூடினார்கள். 2024-ல் திறந்ததே ஜூலைக் கடைசியில். 2025-ல் மறுபடியும் ஜூன் 12. உச்ச நீதிமன்றம் 2018-ல் காவிரி நீரில் தமிழகத்துக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்புச் சொன்னது, பங்கீட்டைக் கவனிக்க ஆணையமும் அமைந்தது. ஆனால் எந்த வாரம் எவ்வளவு வரும் என்பது இன்னமும் பருவமழையிடம்தான் இருக்கிறது.

இப்போது நாற்றுக்கு வாருங்கள். வழக்கமான நாற்றங்காலில் குறுகிய கால ரகத்தை இருபது நாளில் பறிக்கலாம், தண்ணீர் தாமதமானால் இன்னும் சில நாள் விட்டுப் பறித்தாலும் தூர் குறையுமே தவிர பயிர் வந்துவிடும். இயந்திர நடவுக்கான பாய் நாற்றை பதினைந்து, பதினெட்டு நாளில் நட்டாக வேண்டும். அதைத் தாண்டினால் வேர் பின்னிக்கொண்டு இயந்திரத்தின் விரலில் சரியாகப் பிடிபடாது. ஒற்றை நாற்றுக்கு பதினான்கு நாள். அதற்கு மேல் போனால் அந்த முறையின் பலனே போய்விடும். வாய்க்காலை மட்டும் நம்பியிருப்பவர் பதினான்கு நாள் நாற்றை வளர்ப்பது, தன் வயலின் கடிகாரத்தை மேட்டூர் மதகின் கையில் கொடுப்பதற்குச் சமம். சொந்த போர் இருந்தால் இந்தக் கவலை இல்லை. முறையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நான் நினைத்த நாளில் என் வயலுக்குத் தண்ணீர் வருமா?

ஒற்றை நாற்று

மடகாஸ்கரில் ஹென்றி டி லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1983 வாக்கில் கண்டெடுத்த முறை. நம் பக்கம் செம்மை நெல் சாகுபடி என்ற பெயரில் வந்தது. தாளில் பார்த்தால் இதைவிடச் சிக்கனமான முறை கிடையாது. ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும், வழக்கமான நடவுக்கு முப்பது கிலோ மூட்டை வாங்குகிறோம். நாற்றங்கால் எட்டு சென்ட் விட்ட இடத்தில் ஒரு சென்ட் போதும். 25 சென்டிமீட்டருக்கு ஒரு நாற்று, சதுரமாக. சதுர மீட்டருக்குப் பதினாறு குத்து.

பிறகு ஏன் ஊரெல்லாம் இது நிற்கவில்லை? நடவுக் கூட்டத்தை அழைத்து வந்து கயிறு பிடித்து ஒற்றை நாற்றாக வையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று குத்தகை பேசி வருகிறவர்களுக்கு வேகம்தான் வருமானம். இப்போது டெல்டாவில் பல இடங்களில் மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற ஆட்கள்தான் நடுகிறார்கள். நல்ல வேகம், நல்ல கைப்பக்குவம். ஆனால் இரண்டு இலை விட்ட பிஞ்சு நாற்றை விதையும் மண்ணும் உதிராமல் எடுத்து மேலாக வைக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, அதற்கான கூலியும் நாம் பேசுவதில்லை.

இரண்டாவது சிக்கல் கோனோவீடர். நட்ட பத்து, பன்னிரண்டாம் நாளில் தொடங்கி பத்து நாளைக்கு ஒரு தரம், குறுக்கும் நெடுக்கும் ஓட்ட வேண்டும். களையை மண்ணுக்குள் அமுக்கி வேருக்குக் காற்று விடுவதுதான் இந்த முறையின் உயிர். கை களை எடுப்பது நம் ஊரில் பெண்கள் வேலை, வீடர் தள்ளுவது ஆண் கூலி, இரண்டுக்கும் கூலி வேறு. தண்ணீர் சுண்டிய களிமண்ணில் உருளை நகராது, தண்ணீர் கூடினால் களை மிதந்து மறுபடி வேர் பிடிக்கும். மானியத்தில் வாங்கிய வீடர்கள் எத்தனையோ வீட்டு மாட்டுக்கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. முறையைக் குறை சொல்லவில்லை. ஓரிரு ஏக்கர் வைத்து, வீட்டு ஆளே நட்டு, வீட்டு ஆளே வீடர் ஓட்டி, சொந்த போரில் பாய்ச்சுபவருக்கு இதை மிஞ்சிய முறை இல்லை. பாரம்பரிய ரகத்துக்கு விதை அரிதாகக் கிடைக்கும்போதும் இதுவே சரி. கைப்பிடி விதையைப் பெருக்க வேறு வழி ஏது? ஐந்து ஏக்கருக்கு மேல் கூலியாட்களை நம்பி இதில் இறங்குபவர் பாதியில் விட்டுவிடுவார்.

இயந்திரம்

அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆள் கிடைக்காத ஊரில் குறுவைக்கு இதுதான் வழி. 2024 குறுவைத் தொகுப்பில் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் கொடுத்தார்கள், இந்த ஆண்டு உண்டா என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பாய் நாற்றை யார் வளர்க்கிறார்கள்? வளர்த்துத் தருபவரிடமே நடவையும் ஒப்படைத்தால் நாற்று பழுதானால் பொறுப்பு அவருடையது. இரண்டு, பரம்படித்த பிறகு சேறு படிய விட வேண்டும். களிமண் வயலில் காலையில் பரம்படித்து மாலையில் இயந்திரத்தை இறக்கினால் நாற்று சேற்றில் புதைந்துவிடும். ஆழச் சேறு உள்ள வயலில் இயந்திரமே புதையும், டிராக்டர் வைத்து இழுத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நேரடி விதைப்பு

இதில் இரண்டு வகை. சேற்றில் முளைகட்டிய விதையை உருளைக் கருவியால் வரிசையாக இழுப்பது ஒன்று. புழுதியில் விதைத்து மழைக்குக் காத்திருப்பது மற்றொன்று. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக்காரர்களுக்கு இரண்டாவதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, சம்பாவுக்கு அவர்கள் காலம்காலமாகச் செய்வதுதான்.

நன்மை கண்ணுக்குத் தெரிகிறது. நாற்றங்கால் இல்லை, பறிப்புக் கூலி இல்லை, நடவுக் கூலி இல்லை. பிடுங்கி நடும் அதிர்ச்சி இல்லாததால் பயிர் ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே அறுவடைக்கு வரும். குறுவையில் அந்தப் பத்து நாள் பெரிய விஷயம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நெல் கொள்முதல் நிலைய வாசலில் நனைந்து முளைக்கும். ஈரப்பதம் 17 சதவீதம்தான் வரம்பு, தளர்வு கேட்டு ஆண்டுதோறும் டெல்லிக்குக் கடிதம் போகிறது. 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய் என்று விலை இருந்தும், நனைந்த நெல்லை வைத்துக்கொண்டு அந்த விலையை வாங்க முடியாது. மழைக்கு முன் அறுத்துக் காயவைத்தவருக்குத்தான் அது விலை.

கெடுதல் களையில் இருக்கிறது. நட்ட வயலில் நாற்று களையைவிட இருபது நாள் முந்திக்கொள்கிறது, மேலே தண்ணீர் நிற்பதால் களை அடங்குகிறது. விதைத்த வயலில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் ஒரே நாளில் முளைக்கின்றன, பிஞ்சில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கோரை வேறு. அதனால் புழுதி விதைப்புக்கு பெண்டிமெத்தலின், சேற்று விதைப்புக்கு பாதுகாப்பான் கலந்த பிரெட்டிலாக்குளோர் என்று களைக்கொல்லி இல்லாமல் பெரும்பாலும் காரியம் நடக்காது. மூன்று நான்கு பருவம் தொடர்ந்து விதைத்தால் காட்டு நெல் புகும். அதற்குக் களைக்கொல்லியும் கிடையாது, நெல்லை அழிக்காமல் அதை அழிக்க முடியாது. இரண்டு பருவம் விதைத்தால் ஒரு பருவம் நடுங்கள். மீத்தேன் குறைகிறது என்று இந்த முறையைப் புகழ்பவர்கள் களைக்கொல்லிச் செலவையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

பஞ்சாப் அனுபவத்தையும் பார்த்துக்கொள்ளலாம். நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் அங்கே ஒரு சட்டம்: ஜூன் 10-க்கு முன் நடக்கூடாது. கோடை வெயிலில் நடுவது நின்றது, தண்ணீருக்கு நல்லதாகத்தான் போயிற்று. ஆனால் அறுவடை தள்ளிப்போய், கோதுமை விதைக்க இருந்த இடைவெளி சுருங்கியது. வைக்கோலை அகற்ற நேரமில்லாமல் வயலிலேயே கொளுத்துவது அதன்பின் இன்னும் கூடியது. டெல்லிப் புகைக்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2022-ல் நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு 1,500 ரூபாய் அறிவித்தார்கள், பக்கத்து ஹரியானாவில் 4,000. பஞ்சாப் வைத்த இலக்கை எட்டவில்லை, களை பயமுறுத்தியது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே தண்ணீரைச் சேமிப்பவருக்கு அரசு காசு கொடுக்க முன்வந்தது. இங்கே மானியம் இயந்திரத்துக்குத்தான் கிடைத்தது.

எந்த முறைக்கும் ஒரு குழாய்

நான்கில் எதைத் தேர்ந்தாலும் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டலாம். இதற்குத் தேவை ஓரடி நீள பிவிசி குழாய், அடிப்பாதியில் துளை போட்டது. பாதி மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். நட்ட இரண்டு வாரம் கழித்துத் தொடங்கி, குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே அடுத்த தண்ணீர். பூக்கும் சமயத்தில் மட்டும் காய விடக்கூடாது. வெறும் கண்ணால் பார்த்தால் வயல் காய்ந்தது போல் தோன்றும், குழாயைப் பார்த்தால் வேர் மட்டத்தில் தண்ணீர் நிற்பது தெரியும். ஒரு எச்சரிக்கை: பிளவு விடும் களிமண்ணில் அந்த 15 சென்டிமீட்டர் வரை விடாதீர்கள். வெடிப்பு விழுந்துவிட்டால் அடுத்த தண்ணீர் பிளவு வழியே கீழே போய், மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே தொலையும்.

இந்த முறைக்குக் கார்பன் காசு தருகிறோம் என்று ஒப்பந்தத்தோடு நிறுவனங்கள் வருகின்றன. கையெழுத்துப் போடும் முன் ஒரு சின்னக் கணக்கு. தெற்காசிய வயல்களுக்கு ஐபிசிசி வைத்திருக்கும் சராசரி, ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு சுமார் 0.85 கிலோ மீத்தேன். 110 நாள் பயிரில் பலமுறை காய விட்டால் 45 சதவீதம் குறையும் என்று கொண்டாலும், ஏக்கருக்கு ஒரு போகத்தில் ஏறக்குறைய அரை டன் கரியமில வாயுவுக்குச் சமமானதுதான் மிச்சம். அதை விற்று, இடையில் உள்ளவர்கள் பங்கு போக உங்களுக்கு வருவது எவ்வளவு என்று பாருங்கள். கார்பன் திட்டங்களைப் பதிவு செய்யும் நிறுவனங்களில் பெரியதான வெர்ரா, 2024 ஆகஸ்டில் சீனாவின் 37 நெல் வயல் திட்டங்களைத் தரமில்லை என்று மொத்தமாகத் தள்ளியது. அப்படித் தள்ளினால் உங்கள் பங்கு என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா? எத்தனை வருடம் உங்களைக் கட்டிப்போடுகிறது? குத்தகை நிலமாக இருந்தால் காசு நிலக்காரருக்கா, உழுகிறவருக்கா? இவற்றுக்குப் பதில் தமிழில் எழுதித் தராத ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம்.

என் தீர்ப்பு இதுதான். போர் இருந்து, ஆள் இல்லாமல், குறுவை வைப்பவர் இயந்திர நடவுக்குப் போங்கள். வயல் சமமாக இருந்து, களையை மூன்றாம் வாரத்துக்குள் அடக்கும் தெம்பு இருந்தால் சேற்று விதைப்பு இன்னும் லாபம். வயல் மேடு பள்ளமாக இருந்தால் விதைப்பை நினைக்கவே வேண்டாம், முதலில் வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகைச் செயலியில் லேசர் சமன் கருவி கிடைக்கிறதா பாருங்கள். கடைமடைச் சம்பாவுக்குப் புழுதி விதைப்பு. சிறு நிலமும் வீட்டு உழைப்பும் இருப்பவருக்கு ஒற்றை நாற்று. வாய்க்கால் தண்ணீரைத் தவிர வேறு நாதியில்லாமல் குறுவைதான் வைப்பேன் என்பவர் பழைய நாற்றங்காலோடு ஆள் நடவையே வைத்துக்கொள்ளுங்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை. எந்த முறையாக இருந்தாலும் முதல் வருடம் ஒரே ஒரு வயலில் மட்டும் செய்து, கூலி, விதை, மருந்துச் செலவை ஒரு நோட்டில் எழுதி வைத்து, பக்கத்து வயலோடு மூட்டைக் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள்.